முதலிடமும் மெய்யும்

பாடசாலைக் கட்டுரைக்கு விஷயம் தேடும் மாணவன், இன்று நூலகத்தை நாடுமுன் கைத்தொலைபேசியையே நாடுகின்றான். இரண்டொரு சொற்களை இட்டதும் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதலில் நிற்பதைப் பெயர்த்தெழுதிவிட்டு எழுந்துவிடுகின்றான். முதலிடம் பெற்றதே மெய் என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணம் தகுமா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

நாம் வினவிய பின்னரே தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுகின்றது எனப் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. அதன் கணனி நிரல்கள், ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றி மற்றொன்றிற்குச் சென்று, கண்ட பக்கங்களை ஓயாது படியெடுத்து வருகின்றன. பின்னர், எச்சொல் எப்பக்கங்களில் வருகின்றது என்னும் அட்டவணை ஆயத்தமாகின்றது. பெரிய நூல்களின் இறுதியிற் காணும் சொல்லடைவு போன்றது இது. நாம் வினவும்போது பொறி புரட்டுவது இவ்வட்டவணையையே.

ஒரே சொல் இலட்சக்கணக்கான பக்கங்களில் இருக்குமாயின் எதனை முன்னே வைப்பது? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவரும் இதற்குக் கண்ட விடையே கூகுளின் அடிப்படையாயிற்று. ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் இணைப்பினாற் சுட்டுவதை, அதற்கு அளிக்கும் வாக்காக அவர்கள் கொண்டனர். எல்லா வாக்கும் சமமல்ல. பலராற் சுட்டப்பெற்ற பக்கத்தின் வாக்குக்கு மதிப்பு அதிகம். அப்பக்கம் பலவற்றைச் சுட்டுமாயின், அம்மதிப்பு அவற்றிடையே பங்கிடப்படும். 1998ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களைக் கொண்ட சோதனைப் பொறியை விவரிக்கின்றது. இன்று கூகுள் வேறு பல குறிப்புகளையும் சேர்த்தே வரிசையை வகுக்கின்றது.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வாக்கு மதிப்பைக் காட்டலாம், மெய்யை நிறுவாது. 2003ஆம் ஆண்டில், படுதோல்வி என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரொன்றைக் கூகுளில் இட்டோருக்கு, அந்நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் அரசாங்க வாழ்க்கைக் குறிப்பு முதலாவதாகத் தோன்றிற்று. அக்குறிப்பில் அத்தொடரே இல்லை! அவரை எதிர்த்தோர் பலர், தத்தம் பக்கங்களில் அத்தொடரை எழுதி, அக்குறிப்புடன் இணைத்துவிட்டதன் விளைவு அது. 2007ஆம் ஆண்டிற் கூகுள் தன் முறையைத் திருத்தி இக்குறும்பை அடக்கிற்று. ஆயினும், உபாயத்தால் முன்னிடம் பெற முயல்வோர் இன்றும் உளர். கட்டணம் செலுத்தி மேலே இடம்பெறும் விளம்பரங்களும் உள.

ஆதலால், பெற்றோர் பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியைப் பறிக்க வேண்டா. அருகிலமர்ந்து, "இதனை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? வேறெவரும் இதனைக் கூறுகின்றாரா?" என்று வினவுதல் போதும். முதல் விடையோடு மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒப்பிட்டுப் படித்துப் பழகிய மாணவன், நாளை ஊர் வதந்தியின் முன்னும் எளிதில் ஏமாறான்.