புள்ளிக் கணக்கும் பேராசிரியர் பதவியும்

மருத்துவபீட விரிவுரையாளர் ஒருவரின் தோளில் மூன்று சுமைகள் இருக்கின்றன. விரிவுரை மண்டபத்தில் அவர் ஆசிரியர். போதனா வைத்தியசாலை விடுதியில் நோயாளரைப் பார்க்கும் வைத்தியர். எஞ்சிய நேரத்தில் ஆய்வாளர். முதலிரண்டும் அன்றாடம் வாசலில் வந்து நிற்பவை, தட்டிக்கழிக்க முடியாதவை. ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடப்படுவது ஆய்வுதான். ஆனால் பதவியுயர்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதே ஆய்வுதான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை, பேராசிரியர் பதவிக்குரிய தகுதியைப் புள்ளிகளாக வகுத்தது. கற்பித்தல், ஆய்வு, அறிவைப் பரப்புதலோடு பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றும் பணி என்று எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. இத்தகைய அளவுகோலை நான் எதிர்ப்பவனல்லன். செல்வாக்கும் சிபாரிசும் நுழையக்கூடிய இடத்தில் எழுத்திலுள்ள விதி ஒன்று இருப்பது விண்ணப்பதாரிக்குப் பாதுகாப்பே. கேள்வி, அந்த விதிக்குள் எது அகப்படுகிறது, எது நழுவுகிறது என்பதுதான்.

வெளியான கட்டுரையை எண்ணிவிடலாம். நள்ளிரவில் விடுதிக்கு வந்து, கட்டிலருகே நின்று, நோயாளியின் வயிற்றை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று மாணவனுக்குக் காட்டிக்கொடுத்ததை எப்படி எண்ணுவது? அமெரிக்கக் கல்வியாளர் ஏர்னஸ்ட் பொயர் 1990இல் எழுதிய நூலில், புதியதைக் கண்டறிதல் மட்டுமன்றி, அறிவை ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் ஆகியனவும் புலமையே என்று வாதிட்டார். 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை எடைபோட வேண்டாம் என்றது. எண்ணிக்கைக்கு அடிமைப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி ஆய்விதழ்களே சாட்சி.

நமது மண்ணில் இதற்கு வேறொரு பரிமாணமும் உண்டு. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடம் தன் இளமைக் காலத்தைப் போருக்குள்ளேயே கழித்தது. மின்சாரமின்றியும், புதிய நூல்கள் உரிய காலத்தில் கிட்டாமலும், 1995இன் பெரும் இடப்பெயர்வுக்கு ஊடாகவும் அங்கே கற்பித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களை உருவாக்கினார்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம, பிரித்தானியாவிலேயே தங்கிவிட்டிருக்கலாம். அவர் திரும்பி வந்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகையோர் நமக்கு விட்டுச்சென்றதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

எனினும், முறை மாறும்வரை காத்திருக்குமாறு இளம் விரிவுரையாளர்களிடம் சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆயத்தம் விண்ணப்பப் படிவம் கைக்கு வந்த அன்று தொடங்குவதன்று. நியமனக் கடிதம் வந்த அன்றே தொடங்குவது. எடுத்த விரிவுரைகள், மேற்பார்வை செய்த ஆய்வுகள், மாணவரின் மதிப்பீடுகள், அங்கம் வகித்த குழுக்கள் ஆகிய அனைத்துக்கும் அவ்வப்போதே எழுத்துச் சான்று பெற்று ஒரு கோப்பில் இடுங்கள். பத்து ஆண்டுகளின் பின் கடிதம் கேட்டுப் போனால் அந்தப் பீடாதிபதி ஓய்வுபெற்றிருப்பார். விடுதியில் எழும் ஐயத்தையே ஆய்வு வினாவாக்குங்கள். நாள்தோறும் பார்க்கும் நோயாளரை விடச் சிறந்த ஆய்வுக்களம் வேறில்லை. ஆனால் தரவு திரட்டுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறுங்கள். பின்தேதியிட்டு அதைப் பெற வழியில்லை. உழைக்காத கட்டுரையில் பெயர் சேர்க்க இணங்காதீர்கள். உழைத்த கட்டுரையில் பெயர் விடுபடவும் இடங்கொடாதீர்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியோடு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியிருப்போரின் தோளில் விடுதிச் சுமை ஏறியிருக்கிறது. அவர்களுக்கு ஆய்வுக்கென நேரம் ஒதுக்காமல் ஆய்வுப் புள்ளி கேட்பது, ஏரைக் கொடுக்காமல் விளைச்சல் கேட்பதற்கு ஒப்பானது. கட்டிலருகே கற்பிப்பதைச் சக ஆசிரியர்கள் நேரில் பார்த்து மதிப்பிடும் வழக்கம் வேரூன்ற வேண்டும். நல்ல ஆசிரியர் பதவியுயர்வின்றிச் சலித்து விமானமேறினால், இழப்பு அவருக்கல்ல. நாளை அந்த விடுதிக் கட்டிலில் படுக்கப்போகும் நமக்கே.