பாராட்டை ஐயுறும் ஆய்வு

மனிதர்கள் கணினியையும் அதைச் சார்ந்த கருவிகளையும் எவ்வாறு கையாளுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், அத்தடுமாற்றத்திற்கு வடிவமைப்பில் உள்ள காரணம் என்ன என்பவற்றை ஆராயும் துறை மனித-கணினி ஊடாட்டவியல் எனப்படுகிறது. கணினி அறிவியலிலிருந்து இத்துறைக்கு வரும் மாணவர் தமக்குக் கைவந்த ஒன்றை, அதாவது ஒரு செயலியை உருவாக்குவதை, ஆய்வின் பெரும்பகுதி என்று எண்ணிவிடுகிறார். செயலி முடிந்தபின் அதைச் சிலரிடம் கொடுத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டு, வந்த பதில்களை அட்டவணையாக்கினால் மதிப்பீடும் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஆய்வு மிகவும் நலிந்து நிற்பது அந்தக் கடைசிப் படியில்தான்.

நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெங்களூரில் கல்லூரி மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் என இரு தரப்பிலும் சேர்த்து 450 பேரிடம் அது நடத்தப்பட்டது. வேறுபாடே இல்லாத இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டியபோதும், நேர்காண்பவர் உருவாக்கியது என்று தாம் நம்பியதையே பங்கேற்றோர் சுமார் 2.5 மடங்கு கூடுதலாக விரும்பினர். மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டபோது அது சுமார் 5 மடங்காயிற்று. கேட்பவரின் மனம் கோணாதபடி பதில் சொல்லும் இந்தப் போக்கை மறுமொழிச் சார்பு என்பர். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நாடி வந்தவரிடம் காட்டும் மரியாதை அது, ஆனால் தரவாகப் பதிவாகும்போது ஆய்வையே திசைதிருப்பிவிடுகிறது.

ஆகவே மாணவரின் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் உற்றுநோக்கல். 1980-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், மானிடவியலாளர் லூசி சச்மன், திரையில் வழிகாட்டும் ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தோடு மக்கள் திண்டாடுவதைக் காணொளியாகப் பதிவு செய்தார். இயந்திரத்தின் முன் அவர் இருவரை ஒன்றாக நிறுத்தினார். தனியாக இருப்பவர் வாய் திறக்கத் தேவையில்லை, இருவராயின் தம் ஐயங்களை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். பதிவை எழுத்தில் பெயர்க்கும்போது, மனிதர் செய்தவற்றில் இயந்திரத்திற்குத் தெரியாதவை, தெரிந்தவை, இயந்திரம் மனிதருக்குக் காட்டியவை, அதன் பின்னிருந்த வடிவமைப்புக் காரணம் என்று நான்கு பத்திகளாகப் பிரித்தார். பேச்சும் குழப்பமும் நிறைந்த முதற்பத்தி நீண்டுகொண்டே போக, பொத்தானை அழுத்துவது போன்ற சில செயல்களே இயந்திரத்தை எட்டின. மனிதர் வகுத்த திட்டத்தின்படி வரிசையாகச் செயல்படுவதில்லை, சூழலுக்கேற்ப நொடிக்கு நொடி முடிவெடுக்கிறார் என்று 1987-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவியதற்கு அந்தப் பத்திகளே அடிப்படை.

எல்லாக் கேள்விக்கும் இம்முறை பொருந்தாது. சுட்டியின் வேகத்தையும் பிழைகளையும் பிற கருவிகளோடு ஒப்பிட, ஸ்டூவர்ட் கார்டும் சக ஆய்வாளர்களும் 1978-இல் அளவீட்டுச் சோதனையையே நாடினர். கேள்வி எதுவோ அதற்கேற்பவே முறை அமைய வேண்டும்.

யாரை உற்றுநோக்குவது என்பதும் இப்பயிற்சியின் பகுதியே. இத்துறையின் முதன்மை மாநாடான 'கை'யில் (CHI) 2016 முதல் 2020 வரை வெளியான கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, முடிவுகளில் 73 விழுக்காடு, உலக மக்கள்தொகையில் 12 விழுக்காட்டுக்கும் குறைவான மேற்கத்திய மக்களிடமிருந்தே பெறப்பட்டவை என்று கண்டது. அந்த வட்டத்திற்கு வெளியே வாழும் மாணவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ள, முதல் வரி நிரலை எழுதும் முன்பே ஒரு முழு உற்றுநோக்கல் பதிவை எழுதி முடிக்குமாறு பாடத்திட்டங்கள் கட்டாயப்படுத்த வேண்டும்.