ரிப்பேர் என்றால் இளக்காரமா?



நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மெல்லிசைக் கச்சேரி இல்லாத திருவிழா உண்டா? எந்த ஊர் மேடையில் பார்த்தாலும் ஒரு கீபோர்டு இருக்கும். ஒரே ஆள் வயலினும் வாசிப்பார், புல்லாங்குழலும் வாசிப்பார். எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்! நாமும் கை தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனா எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா? அந்தப் பெட்டி நின்று போனால் யார் சரி செய்வார்?

இந்தக் கீபோர்டுக்குத் தாத்தா அனலாக் சிந்தசைசர். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் இதை உருவாக்கத் தொடங்கினார். 1969-லேயே ஒரு மூக் கருவி நம் நாட்டுக்கு வந்துவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதை வைத்து ஸ்டூடியோ அமைக்க உதவியவர் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர். 1972 வரை அங்கே பதிவான டேப்புகள் பல்லாண்டு காலம் கிடப்பில் கிடந்து, 2023-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. 1982-ல் சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க் கலைஞர் ரோலண்டு கருவிகளை வைத்துப் பத்து ராகங்களைப் பதிவு செய்தார்.

நம் பக்கம் வருவோம். ஏ.ஆர்.ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-ல் மறைந்த பிறகு, அவர் விட்டுப் போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. வாடகைக்குப் போகிற கருவி ஒழுங்காக வேலை செய்தால்தானே காசு? பாட்டுக்குப் பின்னால் சால்டரிங் அயர்ன் பிடித்த ஒரு கையும் இருக்கிறது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அனலாக் சிந்தசைசரைத் திறந்தால் உள்ளே இருப்பது நம் பாடப் புத்தகம்தான்! ஆசிலேட்டர் சுருதியை உண்டாக்கும். ஃபில்டர் அதன் குரலைச் செதுக்கும். ஆம்ப்ளிஃபயர் ஏற்றி இறக்கும். சுரம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்வது என்வலப் ஜெனரேட்டர். அது வேறொன்றுமில்லை, கெபாசிட்டர் சார்ஜ் ஆகி டிஸ்சார்ஜ் ஆகிற நம்ம ஆர்.சி. சர்க்யூட். எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது வோல்டேஜ். மூக் கருவியில் 1 வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். 440 ஹெர்ட்ஸ் 880 ஆகிவிடும்.

நான் இந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்ததில்லை. சர்வீஸ் மேனுவல்களைத்தான் படித்தேன். அந்தக் காலத்துக் கம்பெனிகள் சர்க்யூட் படத்தை முழுசாக அச்சிட்டுக் கொடுத்திருக்கின்றன. அதற்கே ஒரு கும்பிடு போடலாம்!

சரி, பழுது வந்தால் என்ன செய்வது? மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்ன வரிசைதான் மெக்கானிக்குக்கும். நோய் என்ன, எதனால் வந்தது, எப்படித் தணிப்பது. எடுத்த எடுப்பில் அயர்னைத் தூக்கக் கூடாது.

முதலில் கருவியின் பின்பக்கம். 100 வோல்ட், 117 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடுத்தது பவர் சப்ளை. 'உம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? நாற்பது வருஷத்தில் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உலர்ந்திருக்கும். ஃபுல் வேவ் ரெக்டிஃபயரில் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதினோமே, அதுதான் அந்த இரைச்சல்!

காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் விலகுகிறதா? அதற்கும் காரணம் உண்டு. சுருதியை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டரில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினாலே கரண்ட் இரட்டிப்பாகிவிடும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பத்து டிகிரி ஏறினால்? ஒரு ஸ்தாயியே போச்சு! நம் ஊர் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். இதைத் தடுக்கத்தான் ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒட்டி வைத்து, ஒன்றின் மாற்றத்தை மற்றது ஈடுகட்டும்படி செய்தார்கள். அந்த ஜோடியில் ஒன்று கெட்டால் கண்ணை மூடிக்கொண்டு வேறொன்றைப் போட முடியாது. அளந்து, ஜோடி சேர்த்துத்தான் போட வேண்டும்.

ரோலண்டு ஜூனோ-106 என்று 1984-ல் வந்த கருவி. ஆறு குரல் கொண்டது. விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தும்போது ஆறில் ஒன்று மட்டும் கரகரக்கிறது என்றால் பழுது விசையில் இல்லை, ஒரு குரலின் சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பின் மேல் பூசிய பிசின் வயதானதும் கரண்ட்டைக் கசிய விடுகிறதாம். அதை அசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சை உரித்தெடுத்து உயிர் கொடுக்கிறார்கள். எண்ணிப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள், கவனித்தீர்களா? இதற்கு மூளை வேண்டாமா?

ஸ்பேர் கிடைக்காதே என்று கேட்கலாம். சி.இ.எம். 3340 என்ற பழைய ஆசிலேட்டர் ஐ.சி. பல வருஷம் உற்பத்தியே இல்லாமல் இருந்தது. 2016-ல் மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். பழுது பார்ப்பவர்கள் விடாமல் தேடினால் செய்பவரும் திரும்பி வருவார்.

செல்போனிலேயே இந்தச் சத்தம் வருமே என்றும் கேட்கலாம். வரும். ஆனா செல்போனைத் திறந்து, ஆசிலேட்டர் இது, ஃபில்டர் இது என்று தொட்டுக் காட்ட முடியுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் நான். "ஏன்டா மாப்ளே, டிப்ளமோ படிச்சுட்டு ரிப்பேர் கடைக்கா போகப் போறே?" என்று மாமா கேட்கிறார். அவர் மேல் தப்பில்லை. கம்பெனி அடையாள அட்டைக்கு இருக்கிற மரியாதை ஸ்குரு டிரைவருக்கு இல்லை. ஆனால் கம்பெனிக்குப் போன நம் சீனியர்களைக் கேளுங்கள். பலர் ஷிஃப்ட் முழுக்க ஒரே பார்ட்டை ஒரே இடத்தில் பொருத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று வருஷம் படித்த சர்க்யூட் எங்கே போச்சு? சர்வீஸ் சென்டரிலும் "போர்டு போச்சு, மாத்தணும்" என்பதே பேச்சு. மாற்றுவது யாருக்கும் வரும். ஏன் கெட்டது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்லது. உரிமை இருக்கட்டும், பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டாமா? அந்தக் கையை உருவாக்க பாலிடெக்னிக்கை விட்டால் வேறு இடம் எது?

நம் பேரவை மூன்று காரியங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, லேப்பில் ஓடாத சி.ஆர்.ஓ., பவர் சப்ளைகளைக் கண்டம் செய்வதற்கு முன்னால் ஒரு செமஸ்டர் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு, ரெடிமேடு கிட் வாங்கி புராஜெக்ட் என்று வைப்பதற்குப் பதில், பழுது நீக்கிய ஒரு பொருளையும், பழுதைக் கண்டுபிடித்த விதத்தை எழுதிய அறிக்கையையும் புராஜெக்டாக ஏற்க வேண்டும். மூன்று, மாதம் ஒரு சனிக்கிழமை மெல்லிசைக் குழுவினரின் கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், நாதஸ்வரக்காரர்களின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இவற்றை நாமே பார்த்துக் கொடுக்க வேண்டும்.

குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்த மாவட்டம் இது! பாறை தானாக நிற்கும். கரண்ட்டில் ஓடுகிற இசைக்கு ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம். அடுத்த முறை யாராவது "ரிப்பேர்காரனா?" என்று கேட்டால், "ஆமாங்க!" என்று தலை நிமிர்ந்து சொல்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
எலெக்ட்ரானிக்ஸ் துறை.