ஆறரைச் சதுர மீற்றர்

"தங்கச்சி, கவுன்சில்காரர் வந்து அளந்துபோட்டுப் போயிட்டினம். உங்கட அறையில ஆள் இருக்கேலாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வெளிக்கிடுங்கோ."

2019 மார்கழி, கிழக்கு லண்டன். இதைச் சொன்ன வீட்டுக்காரர் வெள்ளைக்காரர் இல்லை. எங்கட ஆள்தான். கோயிலில் முன்வரிசையில் நின்று தீபம் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர். அன்று திங்கட்கிழமை. எனக்குக் கிடைத்தது நான்கு நாள்.

அந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம். சிட்டிங் ரூமுக்கு நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, அதிலும் ஆட்கள். எல்லாருக்கும் ஒரு குசினி, ஒரு குளியலறை. என் அறை மாடிப்படிக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த பெட்டி அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஜன்னலோரம் கறுப்பாய்ப் பூஞ்சணம்; பிளீச் போட்டு நான்தான் துடைப்பேன். அதற்கு மாதம் 400 பவுண்ஸ், கையில் காசாக. ஒருநாள் ரசீது கேட்டேன். "எங்களுக்குள்ள என்ன தங்கச்சி ரசீது?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கவுன்சிலுக்கு எழுதியது நான் இல்லை. குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது என்று பக்கத்து வீட்டார் எழுதினார்கள். வந்த அதிகாரி சின்னப் பெண். கையில் இருந்த கருவியைச் சுவருக்கு நேரே பிடித்தாள். சிவப்புப் புள்ளி ஒன்று என் சாமிப்படத்தில் விழுந்தது. ஐந்து தசம் எட்டு என்று எழுதிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிரிப்பு. வாடகை எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறாய், போக இடம் இருக்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லை.

விதி இதுதான்: வெவ்வேறு குடும்பத்தார் ஐந்து பேரோ கூடவோ ஒரே குசினியையும் குளியலறையையும் பகிர்ந்திருந்தால் வீட்டுக்காரர் கவுன்சிலிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். "அது மூண்டு மாடி வீட்டுக்குத்தான்" என்று எங்கட வீட்டுக்கார அண்ணை சொல்லித் திரிந்தார். 2018 ஒக்டோபர் 1 முதல் மாடிக் கணக்கு இல்லை. அதே நாளிலிருந்து தனி ஆள் படுக்கும் அறை 6.51 சதுர மீற்றராவது இருக்க வேண்டும் என்றும் வந்துவிட்டது. என் மூச்சு முட்டாமல் இருக்கத்தான் அந்த அளவு. அதே அளவைக் காட்டித்தான் என்னைத் தெருவில் விட்டார்.

அறை சிறிது என்றால் சரிசெய்ய 18 மாதம் வரை கவுன்சில் அவருக்குத் தவணை கொடுக்கலாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் என்னை வெளியே போடுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் எடுக்காதவர் அந்த நாளில், காரணம் சொல்லாமல் வெளியேறச் சொல்லும் செக்ஷன் 21 நோட்டீஸ்கூடக் கொடுக்க முடியாது. இத்தனையும் எனக்குத் தெரிந்தது பிறகு. வெள்ளிக்கிழமை மழைக்குள் நாலு பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அம்மா இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் பை கிழிந்து உடுப்பெல்லாம் சிவப்பு. வேலைக்குப் போடக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

லைசென்ஸ் இல்லாத வீட்டில் இருந்தவர் 12 மாத வாடகை வரை திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்ட உதவி மையத்தில் ஒருவர் சொன்னார். 4,800 பவுண்ஸ்! ஒரு இரவு முழுக்க நித்திரை இல்லை. அடுத்த நாள் அவரே கேட்டார்: ரசீது? வங்கிக் கணக்கில் ஏதும்? நான் வேலை செய்த கடையில் சம்பளமும் கையில்தான். சாட்சி? கூட இருந்த பொடியளில் இரண்டு பேருக்கு அசைலம் கேஸ் முடியவில்லை. "அக்கா, எங்கட பேரை மட்டும் இழுக்காதேங்கோ" என்றார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல? வீட்டுக்காரரின் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட வேண்டுமாம். கேட்க இருந்த ஒரு வருடத் தவணையும் போய்விட்டது.

கவுன்சில் நினைத்திருந்தால் வீட்டுக்காரருக்கு 30,000 பவுண்ஸ் வரை அபராதம் போட்டிருக்கலாம். போட்டதா தெரியாது. போட்டிருந்தாலும் அது கவுன்சிலின் கல்லாவுக்குத்தான். பூஞ்சணம் துடைத்தவளுக்கு அதில் ஒரு பென்னி இல்லை. 2025இல் வந்த புதிய சட்டம் அந்தப் பன்னிரண்டு மாதத்தை இருபத்து நாலாக்கியிருக்கிறது. பூச்சியத்தை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

லைசென்ஸ் பெற்ற வீடுகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம். போன கிழமை பார்த்தேன். அந்த வீடு இருக்கிறது, அவர் பெயரோடு. ஐந்து பேர் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. எனக்கு மனப்பாடமான தொலைபேசி எண். "ரூம் வாடகைக்கு. தமிழர் விரும்பத்தக்கது. கவுன்சில் லைசென்ஸ் உண்டு. தனி ஆளுக்குச் சின்ன அறையும் இருக்கு, 650."