மங்கலாகும் முகங்கள்

பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள், பெற்றோர் புலனக் குழுவில் படங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் பிள்ளையின் கண்ணிமை தெரியும் அளவுக்குத் தெளிவானவை எத்தனை? பின்னால் கட்டிய பதாகையில் சிறப்பு விருந்தினரின் பெயர் பளிச்செனத் தெரிகிறது. முன்னால் கோப்பையை ஏந்தி நிற்கும் பிள்ளையின் முகமோ புகைமூட்டத்தில் நிற்பது போல் இருக்கிறது. புக்கிட் மெலாவத்திக்குச் சுற்றுலா போனாலும் இதே கதைதான். கலங்கரை விளக்கம் கூர்மை, பிள்ளைகள் மங்கல்!

இதைச் சிறு குறையென ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நம் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மேரி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் மக்கள் குடியிருக்க ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டுகள் குரல் கொடுக்க நேர்ந்தது. லயங்கள் இடிபடுகின்றன, தோட்டத்தின் பெயர்ப்பலகையும் ஒருநாள் மறைகிறது. "இங்கே யார் வாழ்ந்தார்கள்?" என்று நாளை ஒரு பேரப்பிள்ளை கேட்டால், எடுத்துக்காட்டப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது பள்ளிப் படம்தான். அதிலும் முகம் தெரியாவிட்டால் நாம் எதைக் காட்டுவது?

தோட்டத்துத் தமிழரைப் படம் பிடித்த ஒருவரின் வரலாற்றை இங்கே குறிப்பிட வேண்டும். சூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, இங்கிலாந்தில் புகழ்பெற்ற முகப்படக் கலைஞர். தம் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே காலமானார். தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் அங்கே படம் பிடித்தார். அவர்களுள் தமிழரும் உண்டு. குவியம் மங்கலாக இருக்கிறதென்று அவருடைய படங்களை அக்காலத்தார் குறை கூறியதுண்டு. ஆனால், அந்த மங்கல் அவர் தெரிந்தே தேர்ந்துகொண்ட அழகு. நம் படங்களின் மங்கல் அத்தகையதா? இல்லை. அது கவனமின்மையால் வருவது. இன்னொன்றும் உண்டு. இலங்கையில் அவர் படமெடுத்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பதியப்படவில்லை. முகம் இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. முகமும் வேண்டும், பெயரும் வேண்டும் என்பதே என் கருத்து.

சரி, படம் ஏன் மங்குகிறது? மூன்று காரணங்கள் உள்ளன. மூன்றையும் படத்தைப் பார்த்தே பிரித்தறியலாம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், எடுத்தவரின் கை அசைந்திருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து பிள்ளையின் கையும் தலையும் மட்டும் இழுபட்டிருந்தால், பிள்ளை அசைந்திருக்கிறது. பிள்ளை முழுவதும் சீராக மங்கிப் பின்னால் உள்ள வேலி கூர்மையாக இருந்தால், குவியம் தவறியிருக்கிறது.

முதல் இரண்டுக்கும் மருந்து ஷட்டர் வேகம். நிற்கும் பிள்ளைக்கு 1/250 வினாடி, ஓடும் பிள்ளைக்கு 1/500 அல்லது அதனினும் விரைவு. மர நிழலில் ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓ அளவை 400, 800 என உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் சிறு புள்ளிகள் தோன்றினாலும் முகம் இருக்கும். அசைந்த படத்தில் முகமே இராது.

மூன்றாவதுதான் சிந்திக்க வேண்டியது. தானாகக் குவியும் கருவிகள் பலவும் ஒளியும் இருளும் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்புகளைத் தேடுகின்றன. வெள்ளைப் பதாகையில் கறுப்பு எழுத்து அதற்கு மிக எளிது. நிழலில் நிற்கும் மாநிறப் பிள்ளையின் கன்னம் அதற்குக் கடினம். செம்பனை ஓலை, கம்பி வேலி, பதாகை ஆகியவை முகத்தை வென்றுவிடுவது இதனால்தான். கருவிக்குப் பெரியவர் யார், சிறியவர் யார் என்று தெரியாது. யாரைப் பார்க்க வேண்டுமென்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்து, நமக்கு அருகிலுள்ள கண்ணின்மேல் வையுங்கள். கைத்தொலைபேசியானால் திரையில் அக்கண்ணைத் தொட்டுச் சற்றே அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் குவியம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

பின்புலம் மங்கினால் அழகென்று சிலர் லென்ஸின் ஒளித்துளையை முழுதும் திறந்துவிடுகின்றனர். கணக்கைப் பாருங்கள். பொதுவான டிஎஸ்எல்ஆர் கருவியில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8 அளவில் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது மங்கும். எஃப் 5.6 வைத்தால் அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆகும். முகம் முழுவதும் அடங்கும். மூன்று வரிசையாக வகுப்பு நின்றால் எஃப் 8 வைத்து, நடு வரிசையில் உள்ள ஒரு முகத்தில் குவியுங்கள்.

அடுத்தது நேரம். நம் கடிகாரம் 1982ஆம் ஆண்டு முதல் கிழக்கே 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 101 பாகையை ஒட்டி. ஆகவே, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 1.15 மணி அளவில். அதாவது, பள்ளி விட்டு வரும் வேளையில்! அப்போது திடலில் நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழும். பிள்ளையும் கண்ணைச் சுருக்கும். சபைகூடல் முடிந்த காலை 8 முதல் 10 மணிக்குள், கட்டட நிழலின் ஓரத்தில், முகம் வெளிச்சத்தை நோக்கும்படி நிறுத்துங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தவுடன் லென்ஸில் நீராவி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து பின்னர் எடுங்கள். கைத்தொலைபேசி லென்ஸில் படிந்த விரல் எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும்.

"இவ்வளவு எதற்கு? மங்கிய படத்தைக் கூர்மையாக்கச் செயலிகள் வந்துவிட்டனவே!" என்று சிலர் கேட்கலாம். அச்செயலிகள் பலவும் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. இமையும் பல்லும் கூர்மையாக வரும். ஆனால், அவை அந்தப் பிள்ளையின் இமையும் பல்லும் அல்ல. கன்னத்தை வழவழப்பாக்கும் ஒப்பனை வசதியும் அப்படியே. நினைவுக்கென எடுக்கும் படத்தில் அதை அணைத்துவிடுங்கள். புலனத்தில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடுவதால், வைத்துக்கொள்ள வேண்டிய படங்களை ஆவணமாக அனுப்புங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் ஒவ்வொரு மாணவரையும் தனியாக, பதாகையும் பிரமுகரும் இன்றி, ஒரே ஒரு படம் எடுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். மங்கலானால் அங்கேயே மறுபடியும் எடுங்கள். பெற்றோர் இசைவின்றிப் பொதுவில் பரப்ப வேண்டாம். அச்சிட்டு, பின்புறம் பெயர், ஆண்டு, பள்ளி, குடும்பம் வாழ்ந்த தோட்டம் ஆகியவற்றை எழுதி வீட்டுக்குக் கொடுங்கள்.

பெற்றோர்களே, நீங்களும் தாத்தா பாட்டியை வாசலில் அமர்த்தி, இதே முறையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பால்மரக் காட்டில் உழைத்த அந்த முகங்களின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியட்டும்.