மழைக்கு முன்னே மருந்து!

எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு செல்லும் பாதையில், அவற்றை எண்ணி எண்ணி வியப்பர், உலாக் காண வருவோர். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில் — காணத்தக்கன பல, மறுப்பாரில்லை. ஆனால், நோயாளியை டோலியிலே தூக்கிக்கொண்டு இறங்கியவனுக்கு அந்த மலை காட்சியா? அல்ல, கணக்கு! உயிர்க் கணக்கு!

அந்தக் காலம் மலையேற வேண்டும் என்பதற்காகத்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாயிலில் மாத்திரை. படுக்கையில் கிடப்போர்க்கு ஆதரவுச் சிகிச்சை. முடங்கிய கைகால்களுக்கு இயன்முறைச் சிகிச்சை. வயிற்றின் வழியே இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர்க்குத் திரவப் பைகள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிட்டிற்று. மகிழ்கிறோம்.

ஆயினும் தோழர்களே, ஒரு கேள்வி. வாயிற்படிவரை வந்த மருத்துவம், பாதை அடைபட்ட அன்று எங்கே நிற்கும்?

கற்பனையன்று இக்கேள்வி. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு எழுவரைப் புதைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா, காவிரிப் படுகையின் சிற்றூர்களை வாரக்கணக்கில் இருளில் ஆழ்த்திற்று. சமவெளிக்கே அக்கதி என்றால், மலைக்கு?

இன்சுலின் நிறுத்தப்பட்டால் சிலருக்கு ஓரிரு நாளே கெடு. மின்சாரம் நின்றால் மூச்சுக்காற்றுக் கருவி நிற்கும். திரவப் பை தீர்ந்தால் உடலில் நஞ்சு ஏறும். நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே என்பர். உண்மை! ஆனால் மண் மூடிய பாதையின் மறுபுறத்திலன்றோ இருக்கிறது அது?

பணத்தின் மடியிலே புரளும் அமெரிக்காவும் பட்டபின்பே பாடம் கற்றது. 2005இல் கத்ரீனா புயல், நகர முடியாத நோயாளிகளையும் முதியோரையும் வாரிக்கொண்டு போயிற்று. 2016இல் அங்கே ஒரு விதி பிறந்தது. 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. வீடு தேடிச் சென்று மருத்துவம் செய்யும் நிறுவனங்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே நெருக்கடிக்காலத் திட்டம் வகுத்திருக்க வேண்டும். வெளியேற்ற வேண்டியவர் யார் யார் என அதிகாரிகட்குச் சொல்ல வழி வைத்திருக்க வேண்டும். ஒத்திகையும் பார்க்க வேண்டும். அதன் சாரம் இது: வீட்டிலே மருத்துவம் தருவேன் என்று ஏற்றுக்கொண்டவன், புயல் நாளிலும் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை.

நமக்கு வேண்டுவதும் அதுதான். சிற்றூர்தோறும் ஒரு பட்டியல்: படுக்கையில் இருப்பவர் யார், இன்சுலின் யாருக்கு, மின்கருவியை நம்பி மூச்சுவிடுபவர் யார்? ஐப்பசி மழைக்கு முன்பே, கூடுதலாகப் பதினைந்து நாள் மருந்து அவர்கள் வீட்டில் இருக்கட்டும். மின்சாரமற்ற நாளில் இன்சுலினை ஈரமண் சூழ்ந்த மண்பானையில் வைக்கும் முறையைக் கற்றுத் தரட்டும். கைப்பேசி ஊமையானால் எந்த ஊருக்கு யார் நடந்து செல்வது, டோலி தூக்க எந்த நால்வர், எந்தக் கட்டடத்தில் தங்கவைப்பது — இவை எழுத்தில் இருக்கட்டும். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டந்தோறும் திட்டம் வகுக்கச் சொல்கிறது. அத்திட்டத்தின் இணைப்பாக இப்பட்டியல் ஏறட்டும்.

பணமெங்கே என்பார் உளர். பட்டியலுக்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம். மருந்தோ, எப்படியும் தரவேண்டிய மருந்து. பதினைந்து நாள் முன்னே தருகிறோம், அவ்வளவே! சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர், வீடு வீடாக அறிந்தவர். அவர் மனத்தில் இருப்பதை ஏட்டில் ஏற்றுவதுதான் பாக்கி. ஆனால், பாறை உருளும் பாதையில் தனியே அவரை அனுப்பிவிட்டு நாம் கைகட்டி நிற்பது அறமாகாது.

தோழர்களே! வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி வாசல் வாசலாக ஏறியவர்கள் நாம். எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று உறக்கத்திலும் சொல்வோம். எந்த வீட்டில் எழ முடியாத தாய் ஒருத்தி கிடக்கிறாள் என்று சொல்ல முடியுமா? முடியாதெனில், இன்றே புறப்படுவோம். மேகம் திரண்டபின் எழுதும் பட்டியல், மாண்டவர் பட்டியலாகவே முடியும்!