அனுப்பும் முன் அல்லாஹ்வை அஞ்சுவோம்: குழந்தை வளர்ப்பு ஆலோசனையும் ஓர் அமானிதமே



பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது பற்றிக் கேட்டால், "எனக்கு உறுதியாகத் தெரியாது, ஹஸ்ரத்திடம் கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்வது நம் மக்களின் நல்ல பழக்கம். மார்க்கத்தில் அறியாமல் வாய் திறப்பது பாவம் என்ற அச்சம் அதன் பின்னே இருக்கிறது. ஆனால், பிறந்து இருபதே நாளான குழந்தை இரவெல்லாம் அழுகிறது என்று ஒரு தாய் குடும்பக் குழுவில் எழுதிப் பார்க்கட்டும். பத்து நிமிடத்திற்குள் பன்னிரண்டு தீர்ப்புகள் வந்து விழும். ஒருவர் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடு என்பார். இன்னொருவர் கிரைப் வாட்டர் என்பார். மற்றொருவர் உரம் விழுந்திருக்கும் என்பார். வேறொருவர் கண்ணேறு என்பார். "எனக்குத் தெரியாது" என்று சொல்பவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். தொழுகையைப் பற்றிப் பேச நடுங்கும் நாவு, ஓர் உயிரைப் பற்றிப் பேச ஏன் நடுங்குவதில்லை? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

சிங்கப்பெருமாள் கோவில் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் இந்தத் தொழிற்சாலைப் பாதையில் வாழும் நம் குடும்பங்களின் நிலை அனைவரும் அறிந்ததே. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இளம் தம்பதிகள். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. கணவனுக்கு மூன்று ஷிப்ட். தாய்வீட்டில் நாற்பது நாள் கழித்துத் திரும்பி வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் உம்மாவும் இல்லை, மாமியும் இல்லை, நன்னியும் இல்லை. இந்த வெற்றிடத்தைக் கைப்பேசி நிரப்புகிறது. எனவே, பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் அனுபவத்தைப் பகிர்வதையே நான் குற்றம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தனித்திருக்கும் ஒரு தாய்க்கு, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, பயப்படாதே" என்ற ஒரு சொல் பெரும் ஆறுதல். நான் எதிர்ப்பது, ஆறுதல் சொல்லும் உரிமையை வைத்துக்கொண்டு மருத்துவத் தீர்ப்பு வழங்கும் துணிச்சலைத்தான்.

அந்தத் துணிச்சல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூரில், நண்பர்களின் ஆலோசனையையும் யூடியூப் காணொளிகளையும் நம்பி வீட்டிலேயே நடத்தப்பட்ட பிரசவத்தில் ஓர் இளம் ஆசிரியை இரத்தப்போக்கால் உயிரிழந்தார். 2024 நவம்பரில், நமக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் ஒரு கணவர் தம் மனைவிக்குத் தாமே பிரசவம் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவே அவருக்கு வழிகாட்டியது என்பது காவல்துறை விசாரணையில் வெளிவந்தது. 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புரத்தில் நம் சமுதாயத்துச் சகோதரி ஒருவர், தம் ஐந்தாவது பிரசவத்தை வாடகை வீட்டில் எதிர்கொண்டு, இரத்தப்போக்கால் மௌத்தானார். அவருடைய கணவர் யூடியூபில் மார்க்கம் பேசிவந்தவர் என்பதுதான் நம் தலையைக் குனியவைக்கும் செய்தி. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

"எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது இத்தகையோர் எப்போதும் முன்வைக்கும் வாதம். சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் வீடு போய்ச் சேரலாம். அதனால் விளக்கு தேவையற்றது என்று ஆகிவிடாது. மேலும், பிழைத்தவர்கள் மட்டுமே அனுபவம் எழுதுகிறார்கள். இழந்தவர்கள் குழுவை விட்டு மௌனமாக வெளியேறிவிடுகிறார்கள். ஆகவே நாம் படிப்பது பாதிச் சாட்சியம் மட்டுமே. பாதிச் சாட்சியத்தை வைத்து எந்தக் காஜியும் தீர்ப்பு எழுதமாட்டார்.

"நம் பாட்டிமார்கள் பத்துப் பிள்ளைகளை ஊசியில்லாமல் வளர்க்கவில்லையா?" என்பது இரண்டாவது வாதம். அந்தப் பாட்டிமார்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். "பத்துப் பெற்றேன், ஆறு நின்றது" என்று சொல்வார்கள். 1971இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒன்று. 2020இல் அந்த எண்ணிக்கை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்த இறக்கம் தானாக வந்ததன்று. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், தூய குடிநீர், வயிற்றுப்போக்கிற்கு உப்பு சர்க்கரைக் கரைசல், கிராம சுகாதாரச் செவிலியரின் கால்நடை ஆகியவற்றின் வழியாக அல்லாஹ் செய்த அருள் இது. அருளை மறுப்பதற்கு நன்றிகெட்டதனம் என்று பெயர்.

பாட்டி வைத்தியம் முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. மிதமான எண்ணெய்த் தேய்ப்பும் தாலாட்டும் தாய்ப்பாலும் தாயின் மடிச்சூடும் காலம் கடந்து நிற்பவை. ஆனால் பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவது, தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, பச்சிளம் குழந்தையின் மார்பைப் பிதுக்குவது, தொக்கம் எடுப்பதாகச் சொல்லி வாய் வைத்து ஊதுவது, உரம் எடுப்பதாகத் துணியில் போட்டு உருட்டுவது ஆகியவற்றையும் அதே கூடையில் போட்டு "மரபு" என்று விற்கிறோம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிதுக்கிய மார்பில் சீழ் கட்டும். இவை எவருடைய கற்பனையும் அல்ல; குழந்தை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிப்பவை.

இங்கே ஒரு ஹதீஸை நினைவூட்டுவது என் கடமை. உம்மு கைஸ் (ரலி) அவர்கள் தம் குழந்தையுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். குழந்தையின் தொண்டை நோய்க்காக அக்கால வழக்கப்படி உள்நாக்கை விரலால் அழுத்தியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்து, ஏன் குழந்தைகளை இப்படி வதைக்கிறீர்கள் என்ற கருத்தில் கேட்டு, வேதனையில்லாத மாற்று மருந்தாகக் கோஷ்டத்தைக் காட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பாடத்தில் இது பதிவாகியுள்ளது. இதன் பொருள் என்ன? ஊர் முழுவதும் செய்கிறது என்பதற்காக ஒரு வழக்கம் சரியாகிவிடாது. குழந்தையை வதைக்கும் மரபு நபியின் முன்னிலையிலேயே கண்டிக்கப்பட்டுவிட்டது.

இன்னும் ஆபத்தானது, வியாபாரத்திற்கும் அறியாமைக்கும் "நபிவழி மருத்துவம்" என்று பெயர் சூட்டுவது. தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் ஈமான். ஆனால் எவருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்பதை அறிவது மருத்துவம். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடல், தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகளைத் தாங்காது. அது தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடும். தஹ்னீக் செய்ய விரும்புவோர், நபி (ஸல்) அவர்கள் செய்தது பேரீச்சம்பழத்தால்தான் என்பதை நினைவில் கொள்ளட்டும். நோயற்ற ஒருவர், கைகழுவி, நன்கு மென்மையாக்கிய பழத்தின் துளிச் சாற்றை மேலண்ணத்தில் தடவினால் ஸுன்னத் நிறைவேறிவிடும். அதற்குத் தேன் புட்டியும் தேவையில்லை. கருஞ்சீரக எண்ணெயும் தேவையில்லை. ஸுன்னத்தின் பெயரால் ஸுன்னத்தில் இல்லாததைப் பிஞ்சு வாயில் ஊற்றுகிறவர், நபியின் மீது எதைச் சுமத்துகிறார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நடந்ததை மறந்துவிட்டோமா? யார் பேசினார் என்றே தெரியாத குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள். அம்முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா ஒரு கர்ப்பிணியைத் தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குச் செவிடு, கண்புரை, இதயக் கோளாறு வரக்கூடும். "தடுப்பூசி வேண்டாம்" என்று அனுப்பியவர், அப்படிப் பிறக்கும் ஒரு குழந்தையின் தாய்க்கு என்ன பதில் வைத்திருக்கிறார்? இதற்கு மாறான முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. போலியோ சொட்டு மருந்தைப் பற்றி உத்தரப் பிரதேசத்தில் ஐயம் பரவியபோது, உலமாக்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் மக்களிடம் சென்று விளக்கினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. சமுதாயத் தலைமை என்றால் அதுதான்.

"தவக்குல் வைத்துவிட்டோம்" என்பார்கள் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த நபியின் உம்மத் நாம். மருத்துவனாக அறியப்படாத ஒருவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்தே நட்டஈட்டுச் சட்டத்தை வகுத்தார்கள். அதே நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி இன்னும் கடுமையானது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். அவர்கள் அறியாமல், முடியாது என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், சொன்னவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்பதே என்று உணர்த்தினார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். நல்லெண்ணம் அவர்களைக் கண்டனத்திலிருந்து காப்பாற்றவில்லை. நம் "ஃபார்வர்டு" மட்டும் எப்படித் தப்பும்?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனை வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, இரண்டு நிமிடம்கூடப் பேசக் கிடைக்காமல், ஓர் அதட்டலுடன் திரும்பும் தாய்மார்கள் உண்டு. பர்தாவைப் பேண இடமில்லாத நெருக்கடியும் உண்டு. பணம் பறிக்கப்படுகிறது என்ற ஐயமும் ஆதாரமற்றதன்று. இவற்றைக் கேட்டுப் போராடுவது நம் உரிமை. ஜமாஅத் நிர்வாகங்கள் அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் மருத்துவர் அதட்டினார் என்பதற்காகக் குழந்தையைத் தண்டிக்கலாமா? ஒரு மருத்துவர் சரியில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் போக வேண்டுமே தவிர, அண்டை வீட்டுத் தொக்கக்காரரிடம் அன்று. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. புதன்கிழமை தோறும் கட்டணமின்றித் தடுப்பூசி போடுகிறார்கள். 104 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவிலும் இல்லை.

தந்தையரே, உங்களிடமும் ஒரு கேள்வி. குழந்தையின் காய்ச்சல் "பெண்கள் விஷயம்" என்று எந்தக் கிதாபில் படித்தீர்கள்? பால்குடியை நிறுத்துவதைப் பற்றிப் பேசும் இடத்தில் (அல்பகரா 233) திருக்குர்ஆன், தாய் தந்தை இருவரும் மனமொத்து, கலந்தாலோசித்து முடிவெடுப்பதையே நிபந்தனையாக்குகிறது. ஒரு பிள்ளைக்குப் பால் நிறுத்தவே இருவர் கூடிப் பேச வேண்டும் என்ற மார்க்கத்தில், நைட் ஷிப்ட் முடிந்து வந்து போர்வையை இழுத்துக்கொண்டு, "உன் அக்காவிடம் கேட்டுக்கொள்" என்று சொல்லும் கணவன் எந்த வரிசையில் நிற்கிறான்? மனைவி முன்பின் தெரியாதவர்களிடம் ஆலோசனை தேடுவது, பல வீடுகளில் கணவனின் மௌனத்தால்தான்.

ஆகவே, பகிருங்கள், எல்லையோடு பகிருங்கள். எந்த நேரத்தில் தூங்கவைத்தோம், அடம்பிடிக்கும் பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்தோம், பிஸ்மில்லாஹ் சொல்ல எப்படிப் பழக்கினோம், ஆறு மாதம் முடிந்ததும் முதல் உணவாக எதைக் குழைத்துக் கொடுத்தோம், இவை அனுபவம், தாராளமாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா, பிரசவம் எங்கே என்பவை தீர்ப்பு. அங்கே வாய் மூடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீரும் வேண்டாம் என்பதை மட்டும் உரக்கச் சொல்லுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், இரண்டு மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால், உடல் சில்லிட்டால், நிமிடத்திற்கு அறுபது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தால், குழுவில் எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எழுதக்கூடிய ஒரே நல்ல ஆலோசனை, "உடனே கிளம்பு, நான் துணைக்கு வருகிறேன்" என்பதுதான்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் பிள்ளை மட்டுமன்று. நம் சொல்லைக் கேட்டு நடக்கும் அடுத்தவர் பிள்ளையும்தான். நாளை மஹ்ஷரில் நம் ஏட்டில், நாம் அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் இருக்கும். அறியாததை அறியாது என்று சொல்லும் துணிவையும், அறிந்தவரிடம் கேட்கும் பணிவையும், நம் குழந்தைகளுக்கு நலமான நீண்ட ஆயுளையும் வல்ல ரஹ்மான் நமக்கு வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.